மலை மேல் நீட்டிய பாவு

எனக்கு மலை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டானில் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வந்தவன் என்று தெரிந்தால் போதும், காஞ்சிபுரத்தில் யாராவது ஒருவர் "சொர்க்கம் மாதிரி இருந்திருக்குமே" என்கிறார். நான் பார்த்தது கல், குளிர், வளைவுக்கு மேல் வளைவாகப் போகிற ரோடு. அங்கே இருக்கிறவர்களும் மூட்டு வலியோடு எழுந்து, விறகு சுமந்து, மிளகாய் தின்று, பக்கத்து வீட்டைத் திட்டிக்கொண்டுதான் வாழ்கிறார்கள். சந்தோஷமான நாடு என்று டிவியில் சொல்கிறவர்கள் ஒரு கார்த்திகை மாதக் காலையில் அங்கே குழாயைத் திறந்து கை கழுவிப் பார்க்கட்டும்.

நான் பட்டுத் தறிக்காரன். என் மனைவிக்குப் பாவு வேலை. சேலையில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள் அத்தனையும் சேர்ந்ததுதான் பாவு. ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று அறுந்தால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்த்துவிடுவாள். சேர்த்த இடம் கண்ணுக்குத் தெரியாது. தெருவில் அவளுக்கு இருக்கிற மரியாதை எனக்குக் கிடையாது.

தறியில் ஏற்றுவதற்கு முன் பாவுக்குக் கஞ்சி போட வேண்டும். அரிசிக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்துக் காய வைப்போம். விடியும்போது ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் கஞ்சி இறுகி இழை முறியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை. பல் விளக்குவது மாதிரி தெரிந்த விஷயம்.

அப்படி ஒரு நாள் காலையில் பாவு கட்டியிருந்தபோதுதான் அந்தப் பூட்டான் பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். நெசவு பார்ப்பதற்காக அந்த நாட்டிலிருந்து ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் பாவின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து அகலத்தை அளந்து பார்த்தாள். நாற்பது வயது இருக்கும். கூட்டிக்கொண்டு வந்தவர் அவள் இந்தியில் கேட்டதைத் தமிழில் சொன்னார்.

"இந்த அகலம் முழுசும் ஒரே துணியா வருமா? தையல் இல்லாம?"

"பின்ன, ரெண்டா வந்தா யார் வாங்குவான்?" என்றேன்.

அவர்கள் தறியை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நெய்கிறவர்கள். துணியின் அகலம் அந்த உடம்பு அளவுதான் வரும். அகலமாக வேண்டும் என்றால் மூன்று துண்டுகளைப் பக்கத்தில் வைத்துத் தைக்க வேண்டும். அவள் ஊர்க் கோயிலில் சாமிக்குப் பின்னால் இருக்கிற மரச் சுவரை மூடத் துணி தொங்கும். அதிலும் இரண்டு தையல். அந்தச் சுவருக்குத் தையலே இல்லாத துணி போடுவேன் என்று இவள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறாள். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கிழவர், "உன் இடுப்பு அவ்வளவு பெருசா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்குள் தொங்கவிடாவிட்டால் அப்புறம் அவள் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. சின்ன ஊர். இது அவளே பிறகு எங்களிடம் சொன்னது.

இங்கேயே நெய்து அனுப்பிவிடலாமே என்றேன். அது கூடாதாம். நூல் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், துணி அந்த ஊர்த் தரையில் நெய்ததாக இருக்க வேண்டும், அந்த ஊர்க் கையும் பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அவள் வேலை செய்த நெசவுக்கூடம் எங்கள் இருவருக்கும் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது. ஐப்பசியில் கிளம்பினோம்.

ஐப்பசியில் இங்கே மழை. தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும், தெருவில் பாவு போட முடியாது. அதனால் சாயம் போட்ட பாவைக் கஞ்சி இல்லாமலே உருட்டி எடுத்துக்கொண்டேன். "இங்க இப்ப மழை கிடையாது, நாள் பூரா வெயில்தான்" என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். அப்புறம் என்ன, போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டு போனது ஒரே ஒரு பாவு. அது கெட்டால் அந்த நாட்டில் அப்படிப்பட்ட பட்டு கிடைக்காது. ஊரிலிருந்து வரவழைப்பதற்குள் திருவிழா முடிந்துவிடும்.

எதிர் வீட்டுத் தறிக்காரன் வாசலில் நின்று, "இன்னாபா, ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கினு கெளம்பிட்ட. சென்ட்ரல் போறதுக்குள்ளயே வெந்துடப் போற" என்றான்.

"வெந்தா உன்ன கூப்புடறேன், பொங்கல் வெக்க வா" என்று என் மனைவி பதில் சொன்னாள்.

ரயிலில் இரண்டு ராத்திரி. அப்புறம் பஸ்ஸில் எல்லை ஊர். அவள் வந்து காத்திருந்தாள். போனில் மேப்பைப் பார்த்தேன். அங்கிருந்து அவள் ஊர், காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போய்த் திரும்புகிற தூரம்தான். மூன்று மணி நேரம் என்று மனைவியிடம் சொன்னேன். காலையில் ஏறிய வண்டி இருட்டுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு ஊர் கண்ணுக்கு எதிரே தெரியும். கூப்பிட்டால் கேட்கும் போலிருக்கும். அதற்குப் போக பள்ளத்தில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, எதிர் மலையில் ஏறி வர ஒன்றரை மணி நேரம். அங்கே தூரத்தை அளக்க மேப் உதவாது. நான் நான்கு முறை வாந்தி எடுத்தேன். என் மனைவி ஒரு முறைகூட எடுக்கவில்லை. அதைச் சொல்லிக் காட்டுவதற்கு இன்றைக்கும் அவள் தயங்குவதில்லை.

எல்லையில் எல்லாம் ஈரமாக இருந்தது. வாழை, பாக்கு, சுவரெல்லாம் பாசி. ஏற ஏற மேகத்துக்குள் போனோம். எதிரே வருகிற லாரி தெரியவில்லை. ஒரு மலையின் முதுகைத் தாண்டியதும் யாரோ திரையை விலக்கினது போல மேகம் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மண் வெளுத்திருந்தது. மரங்கள் குட்டையாக, கூரான இலையோடு நின்றன. உதடு வெடித்தது. இது எப்படி என்று கேட்டேன். எனக்கு இந்தி அரைகுறை. ஆற்காட்டு உருது கொஞ்சம் தெரியும் என்பதால் சமாளித்தேன். அவள் என்னை 'பாய்' என்று கூப்பிட்டாள், இந்தியில் அண்ணன் என்று அர்த்தம். எங்கள் ஊரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம்களைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். முதல் இரண்டு நாள் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"கடல்ல இருந்து வர மேகம் முதல் மலையில மோதி அங்கயே கொட்டிடும், பாய். உள்ள இருக்கிற எங்களுக்கு மிச்சம்தான்" என்றாள்.

"எந்தக் கடல்?"

"வங்காளக் கடல்."

"அது எங்க கடல்."

"அப்படியா? அப்போ மிச்சம் அனுப்பினதுக்கு நன்றி."

காஞ்சிபுரத்தில் வெயில் என்றால் வாலாஜாபாத்திலும் வெயில், தென்னேரியிலும் வெயில். அங்கே அப்படி இல்லை. அவள் வீட்டு வாசலில் நின்று மேலே காட்டினாள். மேட்டில் அவள் அண்ணன் வீடு. அங்கே கூரையில் பனி. கீழே காட்டினாள். ஆற்றங்கரையில் சித்தி வீடு. அங்கே ஆரஞ்சு பழுத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் இவள் வீட்டில் நெல் அறுத்த தாள். மூன்று வீடும் ஒரே ஊர். எந்த வீட்டுக்கு எப்போது வெயில் வரும், எப்போது போகும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. துணி உலர்த்துகிறவள் கடிகாரம் பார்த்து உலர்த்தினாள். எங்கள் ஊரில் கோபுரத்தைப் பார்த்தால் திசை தெரியும். அங்கே எனக்குக் கிழக்கே தெரியவில்லை. வெயில் வரும் இடம்தான் கிழக்கு என்றால், அது மலைக்கு மேலே நடு வானத்திலிருந்து வந்தது.

தறிக்கு அவள் வீட்டின் கீழ்த்தளத்தைக் கொடுத்தாள். முன்பு மாடு கட்டிய இடம். தறிச் சட்டத்தை நெசவுக்கூடம் முன்பே செய்து வைத்திருந்தது. மேலே மரத்தரை, அங்கே குழி தோண்ட முடியாது. எங்கள் தறி தரைக்குழிக்குள் காலை விட்டு மிதிக்கிற தறி. காஞ்சிபுரத்து மண்ணில் அரை நாள் வேலை. அங்கே மூன்று நாள் ஆனது. கடப்பாரை ஒவ்வொரு முறையும் கல்லில் பட்டுத் தெறித்தது. கையெல்லாம் கொப்புளம். நான் திட்டின திட்டு யாருக்கும் புரியாததால் தப்பித்தேன். என் மனைவிக்குப் புரிந்தது. "கல்ல திட்டினா கரைஞ்சிடுமா?" என்றாள்.

அடுத்தது பாவு. இருபது கஜத்துக்கு மேல் நீளம். அந்த ஊரில் இருபது கஜம் சமதரை கிடையாது. வீட்டு வாசல் சரிவு, வயல் எல்லாம் படிக்கட்டு, ரோடு வளைவு. கடைசியில் அவள் ஆற்றுக்கு மேலே இருந்த வில் விளையாடும் திடலைக் காட்டினாள். அங்கே ஆண்கள் லீவு நாளில் அம்பு எய்து விளையாடுவார்கள். ஊரிலேயே நேராக, சமமாக இருந்தது அது ஒன்றுதான். அவர்களிடம் ஒரு நாள் காலையைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"பத்து மணிக்கு ஆரம்பிக்கலாம், பாய்" என்றாள். "ஒம்பதரைக்குத் திடல்ல வெயில் விழும். ஒரு மணிக்கு மேல காத்து வந்துடும். நடுவுல செஞ்சா சரியா இருக்கும்."

நான் சிரித்தேன். பத்து மணிக்கு எவனாவது பாவு போடுவானா? எங்கள் தெருவில் பத்து மணிக்கு எல்லாம் பாவைச் சுருட்டித் தறியில் ஏற்றியிருப்போம். "வெயில்ல போட்டா இழை முறியும். விடியக்காலம்தான்" என்றேன்.

"அது உங்க வெயில்" என்றாள்.

அன்று சாயங்காலம் மனைவியும் சொன்னாள். "இன்னாங்க, அவங்க ஊரு வெயில் அவங்களுக்குத் தெரியாதா? நாளைக்கு ஒரு நாள் பார்த்துட்டு அப்புறம் போடலாமே."

"அவ இடுப்புல கட்டி நெய்யறவ. பாவு கஞ்சியப் பத்தி இன்னா தெரியும்?"

இப்படித்தான் சொன்னேன். இதை மழுப்பி எழுதுவதில் பயனில்லை.

ஐந்தரை மணிக்குத் திடலுக்குப் போனோம். நான், மனைவி, அந்தப் பெண், நெசவுக்கூடத்திலிருந்து இரண்டு பேர். புல் வெள்ளையாக இருந்தது. மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். கஞ்சிப் பானையை வீட்டிலிருந்து சூடாகத்தான் கொண்டுபோனோம். பாவை நனைத்துப் பிழிந்து இழுத்துக் கட்டுவதற்குள் என் விரல்கள் போய்விட்டன. வலி இல்லை, உணர்ச்சியே இல்லை. முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எந்த இழை தொய்வு, எந்த இழை இறுக்கம் என்று சொல்கிற விரல்கள். அன்றைக்குப் பட்டு எது, என் சட்டை எது என்று தெரியவில்லை.

வானம் வெளுத்தது. வெயில் வரவில்லை. எதிர் மலை உச்சியில் விழுந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், மெதுவாக ஒவ்வொரு மரமாக இறங்கியது. எங்கள் பக்கம் நிழல்தான். ஆறரை மணி வாக்கில் மனைவி பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாது இது, வடாம் மாதிரி ஆயிடுச்சு?"

பாவு உறைந்திருந்தது. நனைந்த இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, தகடு தகடாக நின்றன. விரலால் சுண்டினால் சத்தம் வந்தது. வில் விளையாடுகிறவர்களில் இரண்டு பேர் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார்கள். ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவன் சிரித்தான். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், என்ன சொல்கிறான் என்று.

"ஜன்னலுக்குக் கண்ணாடி நெய்யறீங்களான்னு கேக்கறான்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் யார் மேல் என்று பிரித்துப் பார்க்கவில்லை. பாவு நடுவில் கனத்தால் தொய்ந்திருந்தது. தொய்வை எடுக்க வேண்டும் என்று ஓரத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மனைவி, "யோவ், இழுக்காத!" என்று கத்தினாள். மரியாதையை விட்டு அவள் யோவ் என்று கூப்பிட்டால் அது விபத்து நேரம் என்று அர்த்தம். நான் அதற்குள் இழுத்துவிட்டேன். அந்தப் பக்க ஓரம் முறிந்தது. சோளம் பொரிகிற மாதிரி சத்தம், பாவின் நீளம் முழுக்க. ஒரு பக்கம் இழுத்ததில், பாவின் முனையைக் கட்டியிருந்த கழி கோணிக்கொண்டு மறு ஓரத்தையும் முறித்தது.

கயிற்றை விட்டுவிட்டு நின்றேன். அந்தப் பெண் பாவைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து ஓரத்தில் தொங்கிய இழைகளை எண்ண ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் எண்ணி நிறுத்திவிட்டாள்.

அடுத்து செய்தது எல்லாம் என் மனைவி. எனக்கு அதில் பங்கு இல்லை. "ஒருத்தரும் தொடாதீங்க. வெயில் வரட்டும்" என்றாள். தமிழில்தான் சொன்னாள். எல்லோருக்கும் புரிந்தது. ஒன்பதரைக்கு வெயில் திடலில் விழுந்தது. கால் மணி நேரத்தில் பனி உருகிச் சொட்டியது. அதே வேகத்தில் கஞ்சி இறுகப் பார்த்தது. அந்தக் காற்றில் ஈரம் என்பதே இல்லை. துண்டை நனைத்துப் போட்டால் கண்ணெதிரே காயும். பெண்கள் வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி ஊற்றிக் கஞ்சியைக் கழுவினார்கள். கழுவின பாவைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வில்காரர்களில் சிரித்தவனும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

வில்காரர்கள் இன்னொரு காலையையும் விட்டுக் கொடுத்தார்கள். மறு நாள் பத்து மணிக்குப் போட்டோம். கஞ்சியில் முக்கால் பங்கு தண்ணீர். வெயில் இதமாக இருந்தது, காற்று இல்லை. பன்னிரண்டு மணிக்கு மனைவி இழையை உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ஒரு மணிக்கு, சொல்லி வைத்த மாதிரி, பள்ளத்தாக்கின் கீழ்க் கோடியிலிருந்து காற்று கிளம்பியது. தூசி, தாள், யாரோ ஒருவருடைய தொப்பி எல்லாம் பறந்தது. நாங்கள் பாவைச் சுருட்டி முடித்திருந்தோம்.

விடியக்காலம் என்பது எங்கள் ஊரில் ஏன் நல்ல நேரம்? காற்று அசையாமல், லேசான சூட்டோடு, பதமான ஈரத்தோடு இருப்பதால். அந்தப் பதம் அந்த ஊரில் பத்து மணிக்கு வருகிறது. நான் பதத்தைப் பார்க்காமல் மணியைப் பார்த்தேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பாவு செலவானது.

முழுப் பாவும் போகவில்லை. நடுப்பகுதி நன்றாக இருந்தது. இரண்டு ஓரத்திலும்தான் இழைகள், ஒவ்வொன்றும் நாலைந்து இடத்தில் முறிந்திருந்தன. சுவருக்குத் தேவையான நீளத்துக்கு, சேதம் குறைவான ஒரு பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டோம். அதிலேயும் பிணைக்க வேண்டியது ஏராளம். மனைவி காலையில் வெயில் ஜன்னலுக்கு வருகிற நேரத்திலிருந்து போகிற நேரம் வரை உட்கார்ந்து பிணைத்தாள். அவளுக்கும் அந்த ஊர் காற்று விரலைக் கெடுத்தது. விரல் நுனித் தோல் வெடித்து, அந்த வெடிப்பில் பட்டு இழை மாட்டிக்கொண்டது. வெண்ணெய் தடவச் சொன்னார்கள். வெண்ணெய் பட்டால் பட்டில் கறை. தடவவில்லை. ஆறாம் நாள் ஒரு விரலில் ரத்தம் வந்து இழையில் பட்டது. அந்த இழையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "இதுக்கு மேல முடியலபா" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டு ஓரத்திலும் நாலு நாலு விரல்கடை பாக்கி இருந்தது. திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. நெய்வதற்கே அவ்வளவு நாள் வேண்டும்.

"இருக்கிற அகலத்துக்கு நெய்யலாம்" என்றேன். "குறையற எடத்துக்கு ரெண்டு பக்கமும் பட்டை தெச்சுடலாம். அதே கலர். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"சுவர் தெரியும். அந்தக் கிழவர் சும்மா இருப்பாரா?"

"சிரிப்பார். சிரிக்கட்டும். நான் தையல் இல்லாத துணின்னுதான் சொன்னேன். பெரிய துணின்னு சொல்லல."

என் மனைவிக்கு இந்தி தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா, தெக்க வேணாம்கறாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரியாத்தான் சொல்றா" என்றாள்.

நெய்தோம். குழிக்குள் ஈரச் சாக்கு போட்டு வைத்தேன், இல்லாவிட்டால் இழை பட் பட்டென்று போகும். எங்கள் ஊர்க் குழியில் ஈரம் தானாக ஊறும், வேண்டாம் என்றாலும் ஊறும். ஒரு நாளில் வெளிச்சம் ஐந்து மணி நேரம்தான். மூன்று மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும், அதோடு சூடும் போய்விடும். ஊர்க் கை பட வேண்டும் என்பதால் அவளும் தினமும் கொஞ்ச நேரம் குழிக்குள் இறங்கி மிதித்தாள். இடுப்புத் தறிக்காரி, காலை எப்போது மாற்றுவது என்று முதலில் தடுமாறினாள். மூன்றாம் நாள், குறுக்கு இழையைத் தட்டி இறுக்குவதில் என் தட்டை விட அவள் தட்டு சீராக விழுந்தது. நான் பாராட்டவில்லை. எனக்குப் பாராட்ட வராது. அவள் நெய்த இடத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திருவிழாவுக்கு முதல் நாள் துணியைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தோம். அரக்குச் சிவப்பு, இரண்டு பக்கமும் மெல்லிய ஜரிகைக் கரை. நன்றாகவே இருந்தது. அகலம் குறைவு, அதை யார் என்ன செய்ய முடியும்.

மறு நாள் காலையில் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கோயில் ஒரு பாறையின் மேல் இருந்தது. மூச்சு வாங்கியது. உள்ளே இருட்டு, வெண்ணெய் விளக்குகளின் வாடை. சாமிக்குப் பின்னால் இருந்த மரச் சுவரில் பழைய துணியை எடுத்திருந்தார்கள். அவளும் இன்னொருத்தியும் ஏறி எங்கள் துணியைத் தொங்கவிட்டார்கள். இரண்டு பக்கமும் நாலு விரல் அகலத்துக்கு மரம் வெறுமையாகத் தெரிந்தது. பெயிண்ட் உரிந்த பழைய மரம். பட்டுக்குப் பக்கத்தில் அது இன்னும் பழையதாகத் தெரிந்தது. நின்றவர்கள் பார்த்தார்கள். யாரோ பின்னால் மெதுவாக ஏதோ சொன்னார்கள், யாரோ சிரித்தார்கள்.

அந்தக் கிழவர் வந்தார். என் உயரத்தில் பாதிதான் இருப்பார். முதலில் இடது பக்கம் வெறும் மரத்தில் விரலை வைத்து அளந்தார். நாலு. வலது பக்கம் அளந்தார். நாலு. அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. பிறகு துணிக்கு வந்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, கைக்கு எட்டுகிற உயரத்தில், கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். நடுவில் நின்றார். விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். விளக்கை வைத்துக்கொண்டு மறு ஓரத்திலிருந்து திரும்ப ஒரு முறை தடவிக்கொண்டு வந்தார். துணியின் அடி ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கமும் பார்த்தார். எங்கேயாவது ஒரு தையல் அகப்படும் என்று தேடினார். அகப்படவில்லை. அவர் தேடிய வரைக்கும் நானும் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தேன். தறியை விட்டு வெளியே வந்த துணிக்குப் பின்னால் நான் ஒருபோதும் அப்படிப் போனதில்லை.

கிழவர் ஏதோ சொன்னார். பெண்ணிடம் கேட்டேன்.

"சின்னதா இருக்குதுன்னு சொல்றார்."

"அது தெரியுது. வேற?"

"தையல் இல்லன்னு சொல்றார்." இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. பக்கத்தில் இருந்தவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

கிழவர் பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வரும்போது தோளில் இரண்டு நீளமான, உருளை மாதிரியான துணித் தொங்கல்கள். பல கலரில், பழசு, ஒட்டுப் போட்டது. அவர்கள் கோயிலில் தூணுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது. சுவரில் வெறும் மரம் தெரிந்த இரண்டு ஓரத்தையும் காட்டி ஏணி கேட்டார். அவரிடம் யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அவள்கூடச் சொல்லவில்லை.

ஏணி ஆடியது. தரை அங்கேயும் சமமாக இல்லை. அவர் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.